அம்மாவின் ஸ்கோர் பலகை

அம்மாவுக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. நின்றபடியே தட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் கடைக்கு வாழைப்பழம் பொரிக்கப் போய்விடுவாள். கடையை மூடியதும் எங்கள் ஊரான லெமெரியின் கூடைப்பந்துத் திடலில் ஸ்கோர் எழுதுவாள். சாக்பீஸ் எண்ணைப் புறங்கையால் அழித்து மாற்றிவிட்டாள் என்று ஒருமுறை மேற்குத் தெருக்காரர்கள் கத்தினார்கள். அந்த வாரமே வீடியோ பார்த்து, வயரை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் பழக ஆரம்பித்தாள். கட்டை விரல் இரண்டு முறை வெந்தது.

நியான் குழாய்போல வளையும் எல்இடி பட்டையில் ஸ்கோர் பலகைக்கு எண்கள் செய்தாள். அந்தப் பட்டை ஒரு பக்கமாகத்தான் வளையும். முதல் எண்ணை மறுபக்கம் முறுக்கி உடைத்தாள். பட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு சிப். ஒவ்வொன்றும் தன் கட்டளையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். ஸ்கோர் மேசையிலிருந்து பலகைக்கு வயர் நீளம், வழியில் சிக்னல் தேய்ந்துவிடும். அதனால் வயரின் தொடக்கத்தில் பட்டையில் ஒரு துண்டை மட்டும் தனியாகக் கோத்து, கறுப்பு டேப் சுற்றி மறைத்தாள். சிக்னலை வாங்கிப் பலமாக்கி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. அது எரிவது யாருக்கும் தெரியாது.

வியாழன் காலை அடுப்படியில் சரிந்தாள்; பிறகு எழவேயில்லை. சனி மாலை இறுதி ஆட்டம். தள்ளிவைக்கலாமா என்று கேட்டவர்களிடம், "அவ பெட்டியிலேருந்து எழுந்து வந்து உதைப்பா" என்றார் ஆட்டத்தை நடத்தும், கூயா, அதாவது அண்ணன், என்று நாங்கள் அழைக்கும் எர்னிங்.

சனி மாலை அவரே என்னைத் தேடி வீட்டுக்கு ஓடிவந்தார்.

"இனெங், பலகைக்குப் பேய் பிடிச்சிருக்கு. கண்ட கண்ட நம்பரா ஓடுது. 'சாக்பீஸ் கொண்டா'ன்னு மேற்குத் தெருக்காரனுங்க சிரிக்கிறானுங்க."

போய் டேப்பைப் பிரித்தேன். உள்ளே துண்டு கருகியிருந்தது. அதை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்தேன். இன்னும் மோசம். அதே வகைத் துண்டு ஒன்று வேண்டும். அம்மா வாங்கியதில் மீந்த பட்டை முழுவதும் ஒரே இடத்தில்தான் இருந்தது. அடக்கம்வரை எங்கள் கூடத்தில் இருக்கும் அவள் சவப்பெட்டியைச் சுற்றி, விளக்காக நான்தான் ஒட்டியிருந்தேன்.

கூடத்தில் அம்மாவின் தங்கை, என் தியா லூடி, என் கையிலிருந்த பிளேடைப் பார்த்தாள்.

"கை வைக்காதே. பொணம் வீட்டுல இருக்கிறவரை வெளக்கு அணையக் கூடாது."

"அணைக்காம வெட்டக் கூடாது தியா. பிளேடு ரெண்டு கம்பியில பட்டுதுன்னா மொத்தமும் போயிடும்."

"அப்ப வெட்டாதே."

"அம்மா போர்டுக்குத்தான்."

"அதுக்கு அம்மாகிட்டயே திருடுவியா?"

பெட்டிக்கும் எனக்கும் நடுவே நின்றாள். திடலிலிருந்து சத்தம் வந்தது: "சாக்பீஸ்! சாக்பீஸ்!"

தியா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எவன் அவன்?"

"மேற்குத் தெரு."

விலகி நின்றாள். "அணையாம வெட்டு. அணைஞ்சுது, உன்னையும் உள்ள வெச்சு மூடிடுவேன்."

பட்டையின் வால் பக்கம் வெட்டினால் முன்னால் இருப்பதற்குச் சேதமில்லை. சிலிகோன் உறையைக் கீறிப் பிரித்தேன். உள்ளே மூன்று செப்புக் கோடுகள். ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று தொடாமல் அறுக்க வேண்டும். முதல் கோடு அறுந்தது, கடைசித் துண்டு மட்டும் இருண்டது. இரண்டாவது. மூன்றாவதில் பிளேடு வழுக்கி, பெட்டியைச் சுற்றிலும் வெளிச்சம் ஒரு கணம் துடித்தது. தியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாரு, திட்டறா."

வெளிச்சம் நின்றது. துண்டு கையில் வந்தது.

எர்னிங் செல்போன் விளக்கைப் பிடிக்க, திடலிலேயே சால்டர் செய்தேன். "சீக்கிரம் இனெங்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பலகையில் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் வந்தது. ஆட்டம் தொடங்க விசில் ஊதினார்கள்.

நான் கடைசிவரை மேசையில் இருந்தேன். எங்கள் தெரு ஒரு புள்ளியில் தோற்றது. இரண்டு தெருக்காரர்களும் பலகையைப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, வெட்டிய மூலையில் தியா ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள்.

"யாரு ஜெயிச்சா?"

"மேற்குத் தெரு."

"போர்டு?"

"சரியா காட்டுச்சு."

காப்பியை நீட்டினாள். "உக்காந்து குடி."

நின்றுகொண்டே குடித்தேன்.