கண்ணாடிக் கூண்டும் என் வாயும்

"...எதிர்த்தாப்ல போன் கடைக்காரவுக காதுகுத்துக்குப் போயிட்டாக, அதான் இங்கன வந்தேன். உன் கூண்டுல கண்ணாடியெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. வெளிய நீ உக்காந்திருக்கியேப்பா, அதான் யோசனையா இருக்கு" என்றார் ஏலக்காய் வியாபாரி, என் கடை வாசலிலேயே நின்றபடி.

போடி கடைவீதியில் முதல் எஸ்.டி.டி. பூத் என்னுடையது. எண்பதுகளின் கடைசி. அதுவரை வெளியூருக்குப் பேச தபாலாபீஸ்தான் கதி. ட்ரங்க் கால் பதிந்துவிட்டு பெஞ்சில் பாதி நாள் கிடக்க வேண்டும். தபாலாபீஸையே ஓரங்கட்டப் போகிறவன் நான் என்ற நினைப்பில் மஞ்சள் போர்டுக்கு மாலை போட்டுத் திறந்தேன். கொஞ்ச நாளிலேயே எதிரில் இன்னொருவர் திறந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். பேசத் தெரியாதவர் போன் கடை வைத்து என்ன கிழிக்கப் போகிறார் என்று சிரித்தேன்.

துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ஏலக்காய்க்கு விலை பேசுகிற ஊர் எங்களுடையது. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அதே ஆட்கள் போனை எடுத்தால், ட்ரங்க் கால் பழக்கத்தில், கண்ணாடி அதிரக் கத்துவார்கள். இந்த வியாபாரி ஒருநாள், வெளியூர் ஏலத்துக்குப் போயிருந்த மகனிடம், "மூட்டை என்னடா, மாமியா வீட்டுக்குப் போன மாப்பிள கணக்கா அசையாம உக்காந்திருக்கு?" என்று கத்தினார். யாராவது அழகாக ஒன்றைச் சொல்லிவிட்டால் எனக்கு வயிற்றில் தங்காது. டீக்கடையில் அப்படியே சொல்லிச் சிரித்தேன். விலையைச் சொல்லவில்லையே என்று பெருமை வேறு. சரக்கு போகவில்லை என்பது கேட்டவர்களுக்குப் போதாதா? சாயங்காலம் அவரிடம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஏலக்காய்க்காரர்கள் மொத்தமாக எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது பிள்ளை பிறந்த சேதியும் சாவுச் சேதியும்தான். இவர்கள் திரும்பி வராவிட்டால் மச்சினர் ஜவுளிக்கடையில் துணி மடிக்கப் போக வேண்டியதுதான்.

அதனால் அன்று வாசலில் நின்ற அவரிடம் கெஞ்சினேன். "அண்ணே, காதைப் பொத்திக்கிறேண்ணே."

"காது கெடக்கட்டும். அது யாரை என்ன செஞ்சுச்சு?"

"அப்ப வெளிய போயி நிக்கட்டுமா?"

"எங்கன, டீக்கடையிலயா?"

ஏலம் முடிவதற்குள் அவருக்கு விலை தெரிந்தாக வேண்டும். மணியைப் பார்த்தார், பூட்டிக் கிடந்த எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு, மாதிரி காட்டுவதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த ஏலக்காயை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டி, எல்லாவற்றையும் வாயில் போடச் சொன்னார். நான் மெல்லத் தொடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.