மணலில் புதைந்த வீட்டு வண்டியும் கங்கையம்மன் கருணையும்

என் மாமியார் வண்டிக்குள் இருந்தார். வண்டி மணலுக்குள் இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கங்கையம்மனை நம்பும் உங்களிடம் அந்த ஆடி அமாவாசையைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருப்பாச்சூர் பக்கம் எங்களுக்கு நெல் விவசாயம். என் வீட்டுக்காரருக்கு நிலத்தைவிட இன்ஜின் மேல்தான் ஆசை. மிலிட்டரியில் கழித்துப்போட்ட ஒரு வண்டியை ஏலத்தில் எடுத்து வந்தார். அதன் பின்பக்கம் பலகையால் ஓர் அறை கட்டினார். உள்ளே கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பானை. திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. ஊரார் அதை 'ஊட்டு வண்டி' என்றார்கள். எல்லாம் இருந்தும் ஹாரன் மட்டும் வாங்கிய நாளிலிருந்து ஊமை.

மாமியாருக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியாது. இறந்த மாமனாருக்கு மகன் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும், தானும் கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது மாமியாரின் வெகுநாள் ஆசை. அவருக்கும் எனக்கும் ரசத்தில் தொடங்கினால் கோலம் வரைக்கும் சண்டை. ஆனாலும் கட்டிலில் மெத்தை விரித்து அவரைப் படுக்க வைத்தேன். விடிந்ததும் கிளம்பினோம்.

பழவேற்காட்டில் ஏரி கடலைச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றோம். எதிரே கணுக்கால் தண்ணீர், அதற்குப் பின்னால் மணல் திட்டு, அதைத் தாண்டிக் கடல்.

"இங்கேயே நிறுத்திடுங்க" என்றேன்.

"அம்மா எப்படி நடக்கும்? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிமே இது. தண்ணியோ மண்ணோ, இதுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

நாலு சக்கரமும் இழுக்கத்தான் செய்தன. கீழ்நோக்கி இழுத்தன. பாதி வழியில் வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்தது. அவர் இன்ஜினை முடுக்க முடுக்க இன்னும் புதைந்தது. சக்கரத்துக்கு அடியில் பாயைப் போட்டோம், மணல் விழுங்கியது. பின்னால் கட்டியிருந்த சாக்குகளையும் போட்டோம்; அவையும் போயின. அதற்குள் கடல் ஏறத் தொடங்கிவிட்டது. இன்ஜின் இருமி இருமி நின்றது.

அறைக்கு ஒரே கதவு, பின்பக்கம். வெளியே திறக்கிற கதவு. அதன் பாதி மணலுக்குள் போய்விட்டது. நாங்கள் கையால் வாரிப் போட்ட மணலை அடுத்த அலை திரும்பக் கொண்டுவந்து நிரப்பியது. ஜன்னல் கம்பி திருடனுக்கும் அசையாது, மாமியாருக்கும் அசையாது. அதைச் செய்தவர் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்பு மிதந்தது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டுவிட்டது.

"கடல்ல கால் நெனைக்கணும்னு கேட்டேன், நெனைஞ்சிடுச்சி. போதும் நைனா, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

அவர் குரல் நடுங்கியது. சவுக்குத் தோப்புக்கு அந்தப்பக்கம் மீனவர் குப்பம். அங்கே கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் மேளச் சத்தம் கேட்டது. நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். மேளத்தை மீறி யாருக்குக் கேட்கும்? இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அழுதுகொண்டே சத்தமாக வேண்டினேன்.

"தாயே, எங்க அத்தைய உசுரோட குடுத்துடு. இனிமே ஒரு வருஷம் அவங்கள எதிர்த்து ஒரு வார்த்த பேசமாட்டேன்."

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒரு வருஷந்தானாடி?"

"மூணு வருஷம், தாயே."

அவர் கம்பிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

"சரி, ஆயுசு முழுக்க" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. அந்த ஊமை ஹாரன் அலறத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. ஒரே மூச்சாக, நிற்காமல், பிரசவ வலி கண்ட எருமை மாதிரி அலறியது. உப்புத் தண்ணீர் ஒயரில் ஏறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்கிறார். ஏறட்டும். ஏற்றிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

மேளம் நின்றது. சவுக்குகளுக்கு நடுவிலிருந்து குப்பமே ஓடி வந்தது. முதலில் வந்த பெரியவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஊட்டையே கடலுக்கு இட்டாந்துட்டியா?"

"உள்ளே அம்மா இருக்குது" என்று சொல்லும்போது என் வீட்டுக்காரர் உடைந்து அழுதார்.

உடனே குப்பத்து ஆண்கள் கதவைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து அலையை மறித்து நின்றார்கள். பெண்கள் கூழ் அண்டாவாலும் குடத்தாலும் மணலை வாரினார்கள். கதவு திறந்தது. மாமியாரைக் கட்டிலோடு தூக்கித் தோளில் வைத்துக் கரைக்கு நடந்தார்கள். மேளக்காரருக்கு என்ன தோன்றியதோ, மேளத்தை அடித்துக்கொண்டே முன்னால் போனார். சாமி ஊர்வலம் போலவே இருந்தது. மாமியாரும் இரண்டு பக்கமும் கை உயர்த்தி ஆசீர்வாதம் செய்துகொண்டே போனார். தண்ணீர் வடிந்த பிறகு வலைக் கயிறு கட்டி வண்டியையும் இழுத்துக் கொடுத்தார்கள்.

நான் கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். இனி என் முறை. முதல் வாரம் நாக்கு புண்ணாகும் அளவுக்குக் கடித்துக்கொண்டேன். மாமியார் ரசத்தைக் குறை சொன்னார். சரி அத்தை என்றேன். கோலத்தைக் குறை சொன்னார்; சரி அத்தை என்றேன். ஐப்பசி மழையில் ஒருநாள் அவரே அடுப்படிக்கு நகர்ந்து நகர்ந்து வந்தார்.

"இன்னாடி இது, செவுத்தாண்ட பேசற மாதிரி கீது. ஒரு வார்த்த திருப்பிச் சொல்லேன். பேஜாரா கீது."

நான் சிரித்துவிட்டுத் தலையாட்டினேன். வேண்டுதல் வேண்டுதல்தானே?

அடுத்த ஆடியில் அதே குப்பத்துக்குப் போனோம். மாமியார் தானே உட்கார்ந்து கூழ் கரைத்தார். பிறகு சந்நிதியில் எல்லோர் காதிலும் விழும்படி கும்பிட்டார். "தாயே, என் மருமவள அவுத்து வுட்டுடு. அவ வாயத் தொறக்கட்டும்." பூசாரி குங்குமம் கொடுத்தார். உத்தரவு கிடைத்துவிட்டது என்றார்.

வெளியே வந்ததும் மாமியார், "கூழு தண்ணியா கீது" என்றார்.

"கரைச்சது நீங்கதான் அத்தை" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கூழ் சிந்தியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

உங்களுக்கும் போக்கிடம் இல்லாத நேரம் வரும். அப்போது அவளைக் கூப்பிடுங்கள். பதில் எந்த வழியில் வரும் என்று யோசிக்க வேண்டாம். அது அவள் பாடு. வருகிற ஆடி அமாவாசைக்கு நான் அந்தக் குப்பத்தில்தான் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பேன். நீங்களும் வாருங்கள். பஸ்ஸில் வாருங்கள்.