பின் சீட்டுக்குப் பாட்டு

எழுபதுகளில், தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கை மாறி வந்த பழைய கார். கம்பெனியிலேயே பொருத்தி அனுப்பிய ரேடியோ ஒன்று அதில் இருந்தது. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, டாஷ்போர்டுக்கு அடியில். எஞ்சின் ஓடினால் பாட்டு எனக்கு மட்டும்தான் கேட்கும். பின் சீட்டுக்கு வெறும் கரகரப்பு போய்ச் சேரும். கல்யாண சவாரிக்கு வருகிறவர்கள் முதலில் பாட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஸ்டாண்டில் இன்னொருவர் வண்டியில் கேசட் போட்டுவிட்டார். அதன் பிறகு என்னைத் தாண்டி அவரிடம் போனார்கள்.

புதிதாக வாங்க எனக்கு வசதியில்லை. பெங்களூரில் பழைய சாமான் விற்கிற தெருவில் ஒரு கேசட் பிளேயர் கிடைத்தது. உடைந்த ரேடியோப் பெட்டிகளிலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களைக் கழற்றினேன். பின் சீட்டுக்கு மேலே இருக்கும் பலகையை என் மனைவி பிடித்துக்கொள்ள, நானே வட்டமாக அறுத்து அவற்றைப் பதித்தேன்.

என் மனைவியின் தம்பி சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து வந்தவன் பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, உங்க வண்டி பழசு. பேட்டரியோட பிளஸ்ஸு பாடியில கீது. இந்தப் பொட்டிக்கு மைனஸ்ஸு பாடியில கீது. இந்தத் தகரம் வண்டித் தகரத்துல பட்டுச்சுன்னா ஒயரு எரியும்."

"அப்ப போட முடியாதா?"

"போடலாம். மரக்கட்டை வெச்சு, எங்கியும் படாத மாட்டணும். ஃபியூஸும் போடணும். ஞாயித்துக்கிழமை நான் வந்து செய்யறேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு கல்யாண சவாரி பேசி வைத்திருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே சைக்கிள் ட்யூபை வெட்டி பிளேயரைச் சுற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். ஃபியூஸ் போடாமல் சாவி ஸ்விட்சுக்கு வருகிற ஒயரிலிருந்தே கரண்ட் எடுத்தேன். பாட்டு அருமையாக வந்தது. மச்சானிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தவர் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தார். அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடப்பதால் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். அந்த அம்மாவும் அவருடைய தாயாரும் பின்னால் ஏறினார்கள். கடைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பங்காருபேட்டை தாண்டியதும் ரோடு மோசம். வேகமும் வேண்டும், குலுக்கவும் கூடாது. ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. பிரேக்காக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை சுருண்டு வந்தது. ட்யூபைக் கிழித்துக்கொண்டு ஸ்க்ரூ பிளேயரின் தகரத்தைத் தொட்டுவிட்டது. அது எனக்கு உடனே தெரிந்தது.

ஓரம்கட்டி நிறுத்தினேன். "எல்லாரும் எறங்குங்க" என்றேன்.

"அவளால எப்பிடிப்பா எறங்க முடியும்?" என்றார் தாயார்.

கையை உள்ளே விட்டு ஒயரை இழுத்தேன். உருகிய பிளாஸ்டிக் விரல்களில் ஒட்டிக்கொண்டது, ஒயர் வரவில்லை. பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைத் திருகினேன். அதுவும் அசையவில்லை. டிக்கியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வந்து கழற்றினேன். புகை மெல்ல அடங்கியது. திரும்பிப் பார்த்தால், கடைக்காரர் மனைவியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு மரத்தடியில் உட்கார வைத்திருந்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, போவுமா போவாதா? சொல்லிடு" என்றார் கடைக்காரர்.

ரோட்டில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. எஞ்சினுக்குப் போகும் ஒயரும் சேர்ந்து உருகியிருந்தது. பின் பலகையிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரியிலிருந்து நேராக, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலுக்கு அதை இழுத்துக் கட்டினேன். எரிந்த ஒயர்கள் பக்கம் கரண்ட் போகாதபடி மற்றதையெல்லாம் கழற்றியே விட்டேன். இனி வண்டிக்கு முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். என் விரல்கள் மடங்கவில்லை.

"நான் சுத்தறேன்" என்று கடைக்காரர் கைப்பிடியை வாங்கினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

பின் சீட்டில் ஏறும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, "மறுபடியும் எரியுமா?" என்று கேட்டார்.

"எரியாதும்மா" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

ஹார்ன் செத்துவிட்டது. மாட்டுவண்டிகளைக் கண்டால் நானும் கடைக்காரரும் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே போனோம். புகை வருகிறதா என்று ஒரு கண் பானெட்டிலேயே இருந்தது. பின்னால் முனகல் நின்றபோதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்வரை நான் எஞ்சினை நிறுத்தவில்லை.

மதியத்துக்கு மேல் கடைக்காரர் வெளியே வந்தார். ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். அப்புறம் என் கையைப் பார்த்தார். "இதுக்கு மருந்து போட்டியா?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பழைய வண்டி, அப்படித்தான் என்று அவரே நினைத்திருப்பார். என்னால் முடியவில்லை. "பாட்டுப் பொட்டிய நான் தப்பா மாட்டினேன், மொதலாளி. மச்சான் தொடாதன்னு சொன்னான்" என்றேன்.

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "கொண்டாந்து சேத்துட்ட, அது சரி" என்றார். "வூட்டுக்கு நாங்க பஸ்ல வந்துக்கறோம்."

வெள்ளிக்கிழமைக் கல்யாண சவாரி கைவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். கருகிய ஒயர்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டான். மரக்கட்டை வைத்து, ஃபியூஸ் போட்டு, எல்லா ஒயரும் மாற்றிய பிறகு, பாலகாட் சுரங்கத்துப் பக்கம் இருக்கும் கல் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னான். அவன் பின் சீட்டில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டான். சூடு ஏறுகிறதா என்று டாஷ்போர்டுக்கு அடியில் வைத்த ஒரு கையை நான் எடுக்கவேயில்லை.

கல்யாண சவாரிகள் திரும்பி வந்தன. அந்தக் குடும்பம் மட்டும் அப்புறம் என் வண்டியில் ஏறவில்லை. கடைக்குப் போனால் அவர் முகம் கோணாமல் சாமான் கட்டிக் கொடுப்பார். குழந்தையைப் பற்றிக் கேட்டால், நடக்கிறாள், பேசுகிறாள் என்று சொல்வார்.