அடிக்கடி போக வைக்காத மாத்திரை

என் மகளுக்குச் சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் பழுது. கால் வீக்கத்துக்காக மதுரை டாக்டர் காலையில் ஒரு நீர் மாத்திரை எழுதியிருந்தார். போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் நாலு தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும். ஏழரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில், அச்சான தாளில் குறை பார்ப்பது அவள் வேலை.

சீசன் நேரம். மூன்றாவது தடவை எழுந்தவளைச் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, வேலைக்கு வந்தியா, கக்கூசுக்குக் காவலிருக்க வந்தியா?" ஹால் முழுக்கச் சிரிப்பாம். வியாதி என்று அவள் சொல்லியிருக்கலாம். வரன் பார்க்கும் நேரம், மூச்சு விடாதே என்று அவள் வாயைக் கட்டி வைத்திருந்தவள் நான்.

என்னிடமும் சொல்லவில்லை. வேனில் பக்கத்தில் உட்காரும் அக்காவிடம் அழுதிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் நெஞ்சுக்கு நீர் மாத்திரதான் குடுத்திருக்காக. அவுக அம்புட்டுத் தடவ போறதில்ல. இதப் போட்டுப் பாரு தாயி."

பழையதை நிறுத்திவிட்டு, அந்த அக்கா கொடுத்த அட்டை தீர்ந்ததும் காலி அட்டையை மருந்துக்கடையில் நீட்டி வாங்கியிருக்கிறாள். யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

மூன்றாவது வாரம் கால்களில் வலுவில்லாமல் மெஷின் பக்கத்திலேயே சரிந்தாள். மதுரைக்குக் கொண்டு போனோம். நாடித் துடிப்பு தாறுமாறாக இருந்தது. அவள் பையில் கிடந்த அட்டையை டாக்டர் என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"நீர் மாத்திரைன்னா எல்லாம் ஒண்ணா? இது பொட்டாசியத்த உடம்புலயே நிறுத்தும். இவ கிட்னியால அத வெளிய தள்ள முடியாது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஹார்ட் நின்னிருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வேல பாக்கா, எத்தன மணிக்குக் கிளம்புதான்னு நீங்க ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?"

அவர் அட்டையை மேஜையில் வைத்தார். "வீட்டுக்கு எப்ப வருவா?"

"அஞ்சரைக்கு."

"அப்ப வந்ததும் பழைய மாத்திரையப் போடட்டும். தூங்குறதுக்குள்ள போய் முடிஞ்சிரும்."

இவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்குத்தான் என் பிள்ளை மூன்று நாள் ஒயர்களுக்கு நடுவே கிடந்தாள்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் போன் செய்தார். அந்த ஆளைக் கிழி கிழியென்று கிழித்துவிடலாம் என்று போனுக்குக் கையை நீட்டினேன். அவள் எனக்குத் தராமல் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், எனக்குக் கிட்னியில வியாதி. அடிக்கடிதான் போவேன். ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நான் என்ன சோசியமா பாக்கேன்?"

எதிர்க் கட்டிலில் காரியாபட்டிக்காரர்கள், எங்களுக்குத் தூரத்து உறவு. தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். வந்த கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. "ஊருக்கே கேக்கணுமாடி?" என்று போனைப் பிடுங்கினேன்.

"மெல்லப் பிடுங்கும்மா," என்றாள். "கையில ஊசி இருக்கு."