மாமனார் ரத்தத்தில் யூரியா

எழுபதுகளில் காரைக்குடியில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டிய சின்ன லேப்பில் ரத்தம் பரிசோதிப்பது என் வேலை. மாமனார் வீட்டில் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. ஊரார் மூத்திரத்தைச் சூடு பண்ணிப் பார்க்கிறவன் என்றுதான் அவர் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார்.

அவர் கோவிலூர்ப் பக்கம் விவசாயி. ஒரு வெயில் காலத்தில் தலைச்சுற்றலோடும், சரியாகச் சிறுநீர் போகவில்லை என்றும் வந்து சேர்ந்தார். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று அறிய, ரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் பார்க்கச் சொன்னார் டாக்டர். திருடனிடம் பையை நீட்டுகிற முகத்தோடு மாமனார் எனக்குக் கையை நீட்டினார்.

யூரியா கூடுதலாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னது என் தப்பு.

"என்ன சொல்றீக மாப்பிள்ளை? நான் வயலுக்கே யூரியா போட்டதில்ல. என் ரத்தத்துக்குள்ள எப்படிப் போச்சு?"

தொழுவுரத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர் அவர். நாம் தின்னும் கறியும் பருப்பும் செரித்தபின் உடம்பே உண்டாக்கும் கழிவு அது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும் என்றேன். அதே பொருளைத்தான் ஆலையில் செய்து மூட்டையில் விற்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் காதில் மூட்டை மட்டும்தான் விழுந்தது. மேல்வயல்காரர் போட்ட யூரியா வாய்க்கால் வழியாகத் தன் நெல்லில் ஏறிவிட்டதென்று முடிவுகட்டி, அடுத்த பஸ்ஸில் போய் வரப்பில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

கிரியேட்டினின் பாக்கி இருந்தது. அது தசையிலிருந்து வருவது. ஒரு வேளை விருந்துக்கெல்லாம் யூரியா அளவுக்கு ஏறி இறங்காது. சிறுநீரகம் படுத்தால்தான் பெரும்பாலும் ஏறும். மஞ்சள் கரைசலில் கலந்தால், எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். என்ன கேலி செய்தாலும் என் மனைவியின் அப்பா. குழாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. நல்லவேளை, அதிகம் சிவக்கவில்லை.

டாக்டர் அவரை மறுபடி வரவழைத்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி மூன்று நாளாகக் கறி. தண்ணீர்? குடித்தால் கறிக்கு இடம் இருக்காதாம்.

யூரியாவை மட்டும் வைத்துச் சிறுநீரகத்தைக் குற்றம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கறியை நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு வாரத்தில் வரச் சொன்னார். மறுபடி பார்த்தபோது யூரியா இறங்கியிருந்தது. மாமனார் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேல்வயல்காரரே லேப்புக்கு வந்து சட்டைக்கையைச் சுருட்டினார்.

"எனக்கும் பாத்துருங்க தம்பி. மூணு வருசமா வயலுக்கு மூட்ட மூட்டயாப் போடுறேன்."

அவருக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அதை மாமனாரிடம் நான் சொல்லவில்லை.