வருகிறவர்களுக்காகத் தைத்த வீடு

யாழ்ப்பாணத்து அரியாலையில் மகாதேவியின் வீட்டுக்கு இரண்டு முகம் இருந்தது. தெருவைப் பார்த்த முன்னறைக்கு ஒரு முகம், அதற்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக்கும் குசினிக்கும் வேறொரு முகம். முன்னறையில் யன்னலுக்குத் திரைச்சீலை, கதிரைகளுக்குக் குஷன், மேசைக்கு விரிப்பு, றேடியோவுக்குக்கூட ஒரு பூப்போட்ட உறை. பின்னறை யன்னலில் செத்துப்போன அப்பாவின் கிழிந்த சாரம் தொங்கும். மகாதேவியும் தங்கை ஞானாம்பிகையும் சாப்பிடுவது, படுப்பது, சண்டை பிடிப்பது எல்லாம் பின்பக்கம்தான். முன்னறை வருகிறவர்களுக்கு.

வருகிறவர்கள் என்றால் பெண் பார்க்க வருகிறவர்கள். ஐம்பத்தாறாம் ஆண்டு, மகாதேவிக்கு இருபத்திமூன்று வயதாக இருந்தபோது முதலாவது கூட்டம் வந்தது. அம்மா தன்னுடைய நல்ல சேலை ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் கத்தரிக்கோலை வைத்தாள். அதுதான் அந்த வீட்டின் முதல் திரைச்சீலை. அப்பா தன் பங்குக்கு, வீட்டை மூத்தவள் பேரில் உறுதி எழுதி வைத்தார், சின்னவளுக்கு ஒரு துண்டு வயல். வீடு இருந்தால் மாப்பிள்ளை தானாக வருவான் என்று அவர் நம்பினார்.

வந்தார்கள்தான். சாதகக் குறிப்புப் பொருந்துகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், பலகாரம் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள், போன பிறகு இன்னொரு சாத்திரியாரிடம் அதே குறிப்பைக் காட்டுவார்கள். அவர் எட்டாம் இடத்துச் செவ்வாயைக் கண்டுபிடிப்பார். அந்தச் செவ்வாய் எங்கே ஓடிவிடப்போகிறது, இதை முதலே பார்த்துத் தொலைத்திருந்தால் பலகாரமாவது மிஞ்சியிருக்குமே என்று மகாதேவிக்கு எரிச்சல் வரும். எரிச்சல் பட்டுக்கொண்டே அடுத்த கூட்டத்துக்கு யன்னல் சீலையைக் கழற்றுவாள். ஒரு கூட்டத்துக்குப் போட்டதை அடுத்த கூட்டத்துக்குப் போடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வேண்டாமென்று விட்டுப்போன வீடு என்பதைச் சீலையே காட்டிக் கொடுத்துவிடும் என்று அம்மா பயந்தாள்.

ஏழு கூட்டம் வந்துபோனது. எட்டாவது வரவில்லை. அப்பா போனார், இரண்டு வருஷத்தில் அம்மாவும் போனாள். மகாதேவி கூட்டுறவுச் சங்கக்கடையில் துணி அளந்து கொடுக்கும் வேலைக்குப் போனாள். தன்னைவிடப் பதினான்கு வயது இளையவளான ஞானாம்பிகையைப் படிப்பித்தாள், அவள் வளர்ந்ததும் அவளுக்காக மறுபடியும் யன்னல் சீலையைக் கழற்றத் தொடங்கினாள். தனக்கு ஓய்ந்த வேலை தங்கைக்காகத் திரும்பவும் வந்து நின்றபோது, அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

எழுபதுக்குப் பிறகு, அரசாங்கம் தடுத்ததால், வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோனது. சங்கக்கடையிலும் ஆளுக்கு இத்தனை யார், இத்தனை கெஜம் என்று அளவாகத்தான் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று ஊருக்கெல்லாம் துணி அளந்தவளின் வீட்டில் ஒரு முழம் புதுத்துணி இருக்காது. கோதுமை மா வரும் வெள்ளைத் துணிப்பைகளைப் பேக்கரியில் சொல்லிவைத்து எடுப்பாள். தையலைப் பிரித்து, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்து, அவித்து, எழுத்துப் போகும்வரை கல்லில் தேய்ப்பாள். போகாத எழுத்தை உள்பக்கம் திருப்பித் தைப்பாள். ஒருமுறை சாய்ந்த வெயில் யன்னலில் விழுந்து, வந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனுக்கு எதிரே மாப்பையின் ஆங்கில எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் தெரிந்தது. மனிசன் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே ஒரு மடிப்பு வைத்துத் தைத்தாள்.

துணியை வெளுத்தால் போதாது, நிறமும் வேண்டும். சலவை நீலத்தைக் கூட்டிப் போட்டால் இளநீலம், தேயிலையைக் கொதிக்கவைத்து முக்கினால் சந்தன நிறம். பழைய சேலைக் கரையை வெட்டி ஓரத்தில் வைத்தால் கடையில் வாங்கியது போலிருக்கும். சுவரில் ஈரம் பிடித்த இடத்தில் பூவேலை செய்த துணி ஒன்று தொங்கியது. பிரம்பு அறுந்த கதிரைகளில் வெட்டுத்துண்டுகளை அடைத்த குஷன் இருந்தது. உள்ளறைக் கதவைக் கறையான் தின்று இரண்டு வருஷம், அந்த வாசலில் சுருக்கு வைத்த இரட்டைச் சீலை விட்டிருந்தாள். வருகிறவர்கள் கதவில்லாத வாசல் என்று நினைக்கமாட்டார்கள், வடிவுக்கு விட்டது என்று நினைப்பார்கள்.

எழுபத்திநாலாம் ஆண்டு மாசி மாதம் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி சோமசேகரம். மாப்பிள்ளை கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்கு. செவ்வாய், சனி ஒரு பிரச்சினையும் இல்லை. மாப்பிள்ளையின் தாய் இரத்தினம்மா, தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள், வந்து உட்கார்ந்ததிலிருந்து பெண்ணைவிட அறையைத்தான் கூடப் பார்த்தாள். குஷன் விளிம்பை விரலால் தடவினாள்.

"ஆர் பிள்ளை தைச்சது?"

"அக்கா," என்றாள் ஞானாம்பிகை.

இரத்தினம்மா நிமிர்ந்து மகாதேவியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மகாதேவிக்குப் பெருமையாக இருந்தது. பதினெட்டு வருஷத்தில் அந்தத் துணிகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்தநாள் காலையிலேயே சோமசேகரம் சைக்கிளில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவையளுக்கு விருப்பமாம். காசு ஒண்டும் கேக்கேல்லை. ஞானாவின்ரை வயலும் வேண்டாமாம். இந்த வீட்டை மட்டும் எழுதித் தந்தால் காணுமாம்."

மகாதேவிக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த வீட்டை மாமா?"

"உந்த வீட்டைத்தான். மனிசிக்கு வந்த உடனையே பிடிச்சுப் போச்சு. நல்ல வடிவாய் வைச்சிருக்கினம் எண்டு வழி முழுக்க அதே கதை. எல்லாம் உன்ரை கைவேலைதான் பிள்ளை."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

"உறுதி என்ரை பேரிலையெல்லோ கிடக்குது?"

"அதுக்குத்தானே உன்னட்டைக் கேக்கிறன். நீ ஒராள். உனக்கென்னத்துக்கு இவ்வளவு பெரிய வீடு? குசினியோடை ஒரு அறை இறக்கித் தருவினம், இருந்திட்டுப் போவன்."

ஞானாம்பிகை இரட்டைச் சீலையைப் பிடித்தபடி நின்றாள். மகாதேவி அவள் வாயைப் பார்த்தாள். அது திறக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று மாமாவை அனுப்பினாள். யோசிக்க எட்டு நாள். அந்த எட்டு நாளும் சங்கக்கடையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். மூன்று யார் துணி கேட்டவளுக்கு இரண்டை வெட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கினாள். மாமா சொன்ன "நீ ஒராள்" காதுக்குள் கிடந்து குடைந்தது. நாற்பத்தொரு வயதில் அவளுக்கென்று இருந்தது அந்த உறுதி ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக் குசினியோரத்தில் இருப்பதை நினைக்க அவளால் முடியவில்லை. கொடுக்காமல் விட்டுத் தங்கையும் தன்னைப் போலவே இருந்துவிட்டால் என்று நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது. ஞானாம்பிகை வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு போட்டுத் தின்றாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளுக்கு ஆசை இருக்கிறது, கேட்க வெட்கப்படுகிறாள் என்று மகாதேவி முடிவு செய்தாள். அந்த முடிவு மற்ற எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, மறுமொழி கேட்க இரத்தினம்மாவே வருகிறாள் என்று சொல்லியனுப்பினார்கள். மகாதேவி வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே கதிரையில் ஏறி யன்னல் சீலைகளைக் கழற்றினாள். ஞானாம்பிகை, புதிதாக மாற்றப்போகிறாள் என்று நினைத்து நூல்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். மகாதேவி அதை வாங்கவில்லை. குஷன், விரிப்பு, றேடியோ உறை, சுவர்த்துணி, இரட்டைச் சீலை என்று ஒவ்வொன்றாக எடுத்து மடித்து மேசையில் அடுக்கினாள். அடுக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கே பயமாக இருந்தது. தன் வீடு இவ்வளவு வறுமைப்பட்டுக் கிடக்கிறது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இரத்தினம்மாவும் மாமாவும் உள்ளே வந்தார்கள். மாமா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை உது? ஆக்கள் வாற நேரத்திலை!"

"வீட்டைக் கேட்டினம். வீட்டைக் காட்டிறன்," என்றாள் மகாதேவி.

இரத்தினம்மா அறையைச் சுற்றி வந்தாள். ஈரம் பிடித்த சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். வெடிப்புக்குள் விரலை விட்டாள். கறையான் தின்ற கதவு நிலையைத் தட்டினாள், மண் கொட்டியது. பிறகு பிரம்பு அறுந்த கதிரையின் விளிம்பில் பக்குவமாக உட்கார்ந்தாள். அவளுக்கும் கால் நோகிறது என்பது மகாதேவிக்குத் தெரிந்தது.

"வெடிப்பைக் கண்டு நான் திரும்பிப் போவன் எண்டு நினைச்சியோ பிள்ளை? எனக்குப் போக இடமில்லை. போன மாசம் மகளுக்குக் கலியாணம் முடிச்சு, இருந்த வீட்டை அவளின்ரை பேருக்கு எழுதிக் குடுத்திட்டன். இப்ப ஒரு சட்டியை இடம் மாத்தி வைக்கவும் மருமகனின்ரை முகத்தைப் பாக்கவேண்டிக் கிடக்கு. மோனோடை போயிருப்பம் எண்டால், அவன் கட்டிறவளுக்கு ஒரு வீடு வேணும்."

மகாதேவிக்கு அவளை வெறுக்க வேண்டும் போலிருந்தது. வெறுத்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஆனால் அந்த மனிசி பொய் சொல்லவில்லை, பெருமை அடிக்கவில்லை, தன் வீட்டைப் போலவே இன்னொருத்தியின் வீடும் கைமாறும் என்று நம்பி வந்திருக்கிறாள். மகளுக்கு எழுதிவிட்டு, மருமகள் வீட்டில் ஒதுங்க வேண்டும். அந்த மருமகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தவள் எங்கே ஒதுங்குவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

"மாமி, எல்லாரும் வந்து இருங்கோ. ஞானாவும் மாப்பிள்ளைத் தம்பியும் நீங்களும் முன்பக்கம் முழுக்க எடுங்கோ. ஆனா உறுதி எழுதமாட்டன். அது என்ரை பேரிலை கிடக்கட்டும்."

இரத்தினம்மா மேசையில் மடித்து வைத்த துணி ஒன்றின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"பேரில்லாத வீட்டிலை இருக்கிறது எப்பிடியெண்டு இப்பதான் பழகிறன். என்ரை மோனையும் அதுக்குள்ளை விட ஏலாது பிள்ளை. கோவிக்காதை."

"கோவமில்லை மாமி."

அவள் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனாள். மாமா பின்னால் ஓடி, வாசல் படலையடியில் ஏதோ கெஞ்சிவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார்.

"தங்கச்சியின்ரை வாழ்க்கையிலை மண்ணை அள்ளிப் போட்டிட்டாய். இனி உங்கடை வீட்டுப் பக்கம் சம்பந்தம் கொண்டு வந்தனெண்டால் என்னைக் கேள்!" என்று முற்றத்தில் நின்று கத்தினார். சைக்கிள் ஒழுங்கையால் திரும்பும் வரை அவருடைய பேச்சுக் கேட்டது.

மகாதேவி வெறுஞ்சுவருக்கு முன்னால் நின்றாள். வீடு மிஞ்சியது, அவளுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை. ஞானாம்பிகை சீலையில்லாத வாசலால் வந்து எதிரே நின்றாள்.

"பேசு," என்றாள் மகாதேவி. "நான்தான் சம்பந்தத்தைக் குழப்பினது. உனக்கு ஆசை இருந்தது எண்டு தெரிஞ்சும் குழப்பினனான். வாயைத் திறந்து என்னை ஏசு."

"ஆசை இருந்ததுதான்," என்றாள் ஞானாம்பிகை. "அந்த ஆள் நல்ல ஆள் போலைதான் கிடந்தது. நான் பொய் சொல்லமாட்டன்." அவள் கண் சிவந்திருந்தது. "ஆனா, எட்டு நாளாய் நான் ஏன் கதைக்கேல்லை எண்டு நினைச்சியள்?"

"கேக்க வெக்கப்பட்டு."

"இல்லை அக்கா. 'எனக்கு வேண்டாம், வீட்டைக் குடுக்காதேங்கோ' எண்டு நான் ஒரு வாத்தை சொல்லியிருந்தால், உங்களுக்காக விட்டுக் குடுக்கிறன் எண்டு நினைச்சு நீங்கள் அண்டைக்கே நொத்தாரிசிட்டைப் போய்க் கையெழுத்து வைச்சிருப்பியள்."

மகாதேவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏழு கூட்டம் எழுந்து போனபோது வராத அழுகை அப்போது வந்தது. தங்கை தன்னை இவ்வளவு சரியாகப் படித்து வைத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

"ஓம்," என்றாள். "வைச்சிருப்பன்."