நான் டிக் போட்ட கட்டம்

எங்கள் தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பத்தாவது படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும். தண்டையார்பேட்டையில் அது போதுமானதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் எண்ணூரில் ஒரு காண்டிராக்டரிடம் ஏழு வருடம் வெல்டராக இருந்தார். வேலை முடிந்து ஆட்களை நிறுத்தியபோது பி.எஃப். படிவங்களைக் கொண்டுவந்தார். பென்ஷன் பங்குக்கென்று தனியாக ஒரு தாள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, பணமாக எடுத்துக்கொள்வது. மற்றது, எடுக்காமல் சான்றிதழ் வாங்கி, அந்த வருடங்களை அடுத்த வேலையோடு சேர்த்துக்கொள்வது.

"இன்னா போடறது?" என்று கேட்டேன்.

"நீ சொல்லுமே. படிச்சவ நீதான்."

மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டிய நேரம். சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதல் கட்டத்தில் டிக் போட்டேன். வந்த பணம் முதல் வருடத்தைத் தாண்டவில்லை.

பிறகு திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் ஐந்து வருடம். ஐம்பத்தெட்டு முடிந்ததும் பென்ஷன் கேட்டு இருவருமாக ஆபீசுக்குப் போனோம். தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கிருந்த பெண் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"சர்வீஸ் அஞ்சு வருஷம்தான் இருக்கு சார். பென்ஷனுக்குப் பத்து வேணும்."

"பன்னெண்டு வருஷம் கீதுமா."

"மொதல் ஏழு வருஷத்தைப் பணமா எடுத்துட்டீங்களே. அப்பவே சர்டிஃபிகேட் வாங்கியிருந்தா சேர்ந்திருக்கும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பான டோல்கேட் வரை வந்தோம். இறங்கியதும், "நான்தான்யா டிக் போட்டேன்" என்றேன்.

"வுடுமே. கையெழுத்து நான்தானே போட்டேன்" என்றார். ரெண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். முட்டி வீங்கித்தான் வீடு வருகிறார். எத்தனை வயதுவரை என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அன்று அவரோடு நிறுத்தப்பட்ட நான்கு பேருக்கும் நான்தான் எழுதினேன். நால்வருக்கும் அதே கட்டம். அவர்களில் ஒருவர் எதிர்வீடு. போன வாரம் அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டே, "இன்னும் மூணு வருசந்தான்க்கா. பென்சன் வந்துட்டா இவரு வூட்ல குந்திக்கலாம்" என்றாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது வேலையில் அவருக்கு வருடம் எத்தனை என்று கேட்டேன். இன்னும் மூன்று சேர்த்தாலும் எட்டுதான். விஷயத்தைச் சொன்னேன்.

கையிலிருந்த மீனைப் பாத்திரத்தில் போட்டாள்.

"நீதானக்கா எழுதிக் குடுத்த."

"ஆமாம்மா. தெரியாம எழுதிட்டேன்."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அதன்பிறகு என்னோடு பேசவில்லை. மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். தினமும் புடவை மாற்றுகிறேன், வாசல் வரை போகிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.